ஃபோர்மிகாவை ஒற்றை வரியில் கடந்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027-ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து பிரேசிலில் நடைபெறவிருப்பதால், அந்நாட்டு வீராங்கனைகளைப் பற்றிய செய்திகள் நம் விளையாட்டுப் பக்கங்களிலும் இடம்பெறும் என்று எதிர்பார்க்கிறேன். மார்த்தாவைப் பற்றி எழுதாமல் இருக்க மாட்டீர்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால், அவருடைய அணியின் நடுக்களத்தைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தாங்கி நின்ற ஃபோர்மிகாவை ஒற்றை வரியில் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

மிரைல்டிஸ் மசியேல் மோட்டா என்ற இயற்பெயருடைய அவர் 1978-இல் சால்வடார் நகரில் பிறந்தபோது, பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடுவதற்கே தடை இருந்தது. பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக்கூடாது என்று 1941-இல் அன்றைய அதிபர் வர்காஸின் அரசு பிறப்பித்த ஆணையில் தொடங்கிய அந்தத் தடை, 1979-இல்தான் விலக்கப்பட்டது. சட்டம் விலகிய பிறகும் வீடுகளில் எதிர்ப்பு விலகவில்லை. சகோதரர்கள் எதிர்க்க, தாய் துணைநிற்க ஆடிப் பழகிய அந்தப் பெண், 1995-இல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பைக்குச் சென்றபோது வயது 17.

அதன்பின் 2019 வரை ஓர் உலகக் கோப்பையையும் அவர் தவறவிடவில்லை. ஏழு உலகக் கோப்பைகளில் ஆடியவர் ஆண்களிலும் வேறெவரும் இல்லை. மகளிர் கால்பந்து ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1996 முதல் டோக்கியோ வரை ஏழு ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடினார். 2004, 2008 ஆண்டுகளில் வெள்ளி வென்றார். லியோன் அணி தொடர்ந்து 14 முறை வென்றிருந்த பிரெஞ்சு லீக் பட்டத்தை 2021-இல் பாரிஸ் சென் ஜெர்மேன் கைப்பற்றியபோது, அந்த அணியில் இருந்த அவருக்கு வயது 43.

இத்தனை நீண்ட ஆட்ட வாழ்வை உடல் வலிமையின் அதிசயமாக மட்டும் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 2016-இல் தேசிய அணியிலிருந்து விடைபெற்றவரை 2018-இல் மீண்டும் அழைத்தார்கள் என்றால், அதற்கு அவருடைய திறமை எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு, அந்த இடத்துக்கு அடுத்த தலைமுறையை உரிய காலத்தில் வளர்த்தெடுக்காததும் காரணம் என்றே கருதுகிறேன். 2019-இல் பிரான்ஸிடம் தோற்று வெளியேறிய அன்று, ஃபோர்மிகாவும் தானும் சக வீராங்கனை கிறிஸ்டியானேவும் என்றென்றைக்கும் இருக்கப்போவதில்லை என்று இளம்பெண்களை நோக்கி மார்த்தா கண்கலங்கப் பேசியதும் இந்தக் கவலையால்தான். தேசிய அணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம் என்று பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது 2020-இல். அப்போது ஃபோர்மிகாவுக்கு 42 வயது. அவருடைய ஆட்ட வாழ்வின் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருந்தது.

நம் வாசகர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 2021 நவம்பர் 25 அன்று மனௌஸ் நகரில், பிரேசிலுக்காக அவர் இறுதியாகக் களமிறங்கிய ஆட்டத்தில் எதிரணியாக இருந்தது இந்தியா. 6-1 என்று தோற்றாலும், அன்று இந்தியாவுக்காக மனிஷா கல்யாண் அடித்த கோல் பிரேசிலின் தொடக்க முன்னிலையைச் சமன் செய்தது. இரண்டாம் பாதியில் மாற்று வீராங்கனையாக வந்த ஃபோர்மிகாவை அரங்கமே வாழ்த்தி வழியனுப்பியது. அந்த ஆட்டத்தை இந்தியாவின் தோல்வியாக மட்டுமே நாம் நினைவில் வைத்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

2027 உலகக் கோப்பை ஆட்டங்கள் நடைபெறும் நகரங்களில் அவர் பிறந்த சால்வடாரும் ஒன்று. போட்டி தொடங்குவதற்கு முன்பாகவே, தடைக்கால வரலாற்றையும் சேர்த்து அவரைப் பற்றி ஒரு விரிவான கட்டுரையைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும். மனௌஸில் அவருக்கு எதிராக ஆடிய இந்திய வீராங்கனைகளிடமும் பேசி, அவர்களுடைய நினைவுகளை அக்கட்டுரையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திண்டுக்கல்.