கறுப்புச் சட்டையை வெளியில் எடுங்கள்: ஜிரோ அமைப்பாளர்களுக்கு ஒரு மடல்

ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தை நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம். மே மாதம் வந்தால் என் வீட்டு இரவுச் சாப்பாடு உங்கள் கையில்தான். உங்கள் ஊரில் மாலை ஐந்தேகாலுக்கு மலையுச்சியில் ஸ்டேஜ், அதாவது அன்றைய ஓட்டம், முடியும்போது இங்கே எட்டே முக்கால். தட்டில் தோசை ஆறி வறட்டியாகும். நானோ முன்பின் தெரியாத ஒரு பையனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று வாரம், 21 ஸ்டேஜ், பாதி நாள் மலை. இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்பது ஒன்றே ஒன்று. 1951-க்குப் பிறகு நீங்கள் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய அந்தக் கறுப்புச் சட்டையை வெளியில் எடுங்கள்.

உங்களுக்குத் தெரியாததா? எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டிப் பார்த்து முதலில் இருப்பவருக்கு ரோஸ் சட்டை. பந்தயத்தை 1909-இல் தொடங்கிய பத்திரிகை ரோஸ் தாளில் அச்சாகும் என்பதால் 1931-இல் வந்த நிறம் அது. 1946 முதல் ஆறு வருஷம், கடைசியில் இருப்பவருக்கும் ஒரு சட்டை கொடுத்தீர்கள். கறுப்பு. அந்தச் சட்டைக்காகவே பிறவி எடுத்தவர் லூயிஜி மலப்ரோக்கா.

1946-இல் ஜினோ பார்தாலி, ஃபௌஸ்தோ கோப்பியை 47 விநாடியில் முந்தி ஜெயித்தார். போர் முடிந்து சோற்றுக்கே திண்டாடிய இத்தாலி, பார்தாலி கட்சி, கோப்பி கட்சி என்று இரண்டாகப் பிரிந்து டீக்கடைச் சண்டை போட்ட காலம். மலப்ரோக்கா நான்கு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிக் கடைசியாக வந்து சேர்ந்தார். ஜனங்களுக்கு அவர் மேல் பாசம் பொங்கிவிட்டது. பணமும் பரிசும் வந்தன. முப்பதாவதாக வருபவனை நாய்கூடச் சீந்தாது, கடைசியாக வந்தால் வரும்படி உண்டு என்று மனுஷன் கணக்குப் போட்டுவிட்டார். அடுத்த வருஷம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் பின்னால் வந்தார். மறுபடி கறுப்புச் சட்டை.

இத்தனைக்கும் ஓட்டத் தெரியாதவர் அல்ல. சேற்றிலும் மேட்டிலும் ஓட்டும் சைக்ளோகிராஸில் இரண்டு முறை இத்தாலியச் சாம்பியன் ஆனவர். கடைசியாக வருவதற்கும் திறமை வேண்டும், ஐயா. ஜெயிக்க நினைப்பவன் அழுத்தி மிதித்தால் போதும். தோற்க நினைப்பவன் ஒளிய இடம் பார்க்க வேண்டும், போட்டியாளன் கடந்துவிட்டானா என்று எட்டிப் பார்க்க வேண்டும், அதே சமயம் நேரக் கெடுவுக்குள்ளும் வந்து சேர வேண்டும். வைக்கோல் கொட்டகை, புதர், மதுக்கடை எல்லாவற்றிலும் அவர் பதுங்கியதாகக் கதைகள் உண்டு. டயரைத் தானே குத்திக் காற்றை இறக்கினாராம்.

1949-இல் சாந்தே கரோல்லோ என்று ஒருவர் எதிரில் முளைத்தார், இல்லை, பின்னால் முளைத்தார். கடைசி நாள் மலப்ரோக்கா வழியில் கடையில் உட்கார்ந்து, ஒரு ரசிகர் வீட்டுக்கும் போய்ப் பேசிவிட்டு ஆற அமர வந்தால், நேரம் குறிக்கிறவர்கள் காத்துக் காத்து அலுத்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். கும்பலோடு வந்ததாகவே நேரம் எழுதிவிட்டார்கள் என்று சொல்வார்கள். கரோல்லோ, அந்த வருஷம் ஜெயித்த கோப்பிக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் பின்னால். சட்டை அவருக்குப் போனது. பாவம் மலப்ரோக்கா, கடைசிக்கு முந்தின ஆள் ஆகிவிட்டார்!

இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் நான் வளர்ந்த ஊரில் பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் உண்டு. சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓட்ட வேண்டும், கால் தரையில் படக் கூடாது, கடைசியாக எல்லையைத் தொடுபவனுக்கே எவர்சில்வர் குடம். மலப்ரோக்கா எங்கள் ஊரில் பிறந்திருந்தால் வீடு முழுக்கக் குடமாக இருந்திருக்கும்.

சரி, கடைசி ஆளால் பந்தயத்துக்கு என்ன பெருமை என்று கேட்பீர்கள். 1951-இல் அந்தச் சட்டையைக் கடைசியாகப் போட்டவர் ஜொவான்னி பினரெல்லோ. மறு வருஷம் வேறொருவருக்கு இடம் கொடுத்து விலகிக்கொள்ளச் சொல்லி அவருடைய அணியே ஒரு லட்சம் லிரா கொடுத்தது. அதை முதலாகப் போட்டு த்ரெவீஸோவில் சைக்கிள் கடை வைத்தார். மிகேல் இந்துராயின், கிறிஸ் ஃப்ரூம், எகான் பெர்னால் எல்லாரும் உங்கள் ரோஸ் சட்டையை வாங்கியது பினரெல்லோ சைக்கிளில் உட்கார்ந்துதான். கடைசிப் பெஞ்சுக்காரர் செய்த வண்டி!

வேண்டுமென்றே மெதுவாகப் போவார்களே என்ற பயமும் வேண்டாம். காதில் ரேடியோ, தலைக்கு மேல் ஹெலிகாப்டர், இந்தக் காலத்தில் எந்தக் கொட்டகையில் ஒளிவது? மீறி ஒருவன் ஆசைப்பட்டால் தடுக்கவும் முடியாது. டூர் டி பிரான்ஸ் பந்தயக்காரர்கள் 1980-இல் ஆஸ்திரியாவின் கெர்ஹார்ட் ஷோன்பாஹர் கடைசி இடத்துக்கு ஆசைப்படுகிறார் என்று எரிச்சலாகி, கொஞ்ச நாளைக்குக் கடைசியில் இருப்பவரை வெளியேற்றும் விதி கொண்டுவந்தார்கள். மனுஷன் தப்பித் தப்பிப் பிழைத்து, விதியின் கெடு முடிந்ததும் கடைசி இடத்தைப் பிடித்துப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

நிறம்தான் சங்கடமா? கறுப்புச் சட்டை என்றால் எங்களுக்குப் பெரியார் ஞாபகம் வருவார். உங்கள் ஊரில் ஞாபகம் வருகிறவர் முசோலினி என்பது புரிகிறது. அப்படியானால் காப்பிப்பொடி நிறத்தில் கொடுங்கள், இத்தாலியில் அதற்கு மரியாதை அதிகம்.

இப்போதெல்லாம் கடைசியில் வருகிறவர்கள் யார்? அணித் தலைவனுக்காக நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டில் சுமந்து, காற்றுக்கு நெஞ்சைக் கொடுத்து, மலையடிவாரத்தில் காலியாகிப்போகும் கிரெகாரியோக்கள். சமவெளியில் சிறுத்தையாகப் பாய்ந்து, மலையில் அரிசி மூட்டையாகும் ஸ்பிரிண்டர்கள். இவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஜெயித்தவர் நேரத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கெடுவுக்குள் உருட்டி வருவார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கும்பல் மாதிரி. சில நாள் விதியும் ஆளைப் பின்னால் தள்ளும். 1988-இல் காவியா மலையில் பனி கொட்டியபோது உச்சியை முதலில் தொட்டவர் யோஹான் வான் டெர் வெல்டே, அரைக்கைச் சட்டையில். இறக்கத்தில் குளிர் தாங்காமல் ஒரு வண்டிக்குள் ஒதுங்கினார். அன்றைக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது.

இவர்கள் வந்து சேரும் முன்பே உங்கள் கேமராக்கள் மேடைக்குத் திரும்பி, நுரைக்கும் ஒயினைப் பீய்ச்சுவதைக் காட்ட ஆரம்பித்துவிடுகின்றன. கூடவே இன்னொரு ஐந்து நிமிஷம் காட்டினால் என்ன? என் தோசை எப்படியும் ஆறித்தான் போயிருக்கும்.

சட்டையைத் திரும்பக் கொண்டுவரும் வருஷத்தில் தயவுசெய்து ஒரு காரியம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் குறிக்கிறவர்களுக்கு நாற்காலியும் இரவுச் சாப்பாடும் ஏற்பாடு செய்து, கடைசி ஆள் வரும்வரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பந்தயத்தைக் கடைசிவரை பார்க்கிற ஒரு ரசிகன்