முள்ளை அளக்கும் முன் திறப்பைப் பார்

திருச்சி

அன்புள்ள சண்முகம்,

நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அதற்காக உடனே மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பித்துவிடாதே.

பென்டிரைவ் வந்து சேர்ந்தது. பெரம்பலூர் பக்கத்துக் காரை களிமண்ணில் கிடைத்த டைனோசிஸ்ட் (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் உறங்குவதற்காகக் கட்டிக்கொண்ட கூட்டின் புதைபடிவம்) படங்களையும், அவற்றைப் பிரித்து உன் மாணவி போட்ட அட்டவணையையும் பார்த்தேன். படங்கள் தெளிவாக இருக்கின்றன. அட்டவணையோடுதான் எனக்குச் சண்டை.

முள்ளின் நீளம் உடல் விட்டத்தில் பத்து சதவீதத்துக்குக் குறைவென்றால் ப்ராக்ஸிமேட், பத்து முதல் முப்பது வரை ப்ராக்ஸிமோகோரேட், அதற்கு மேல் கோரேட். இந்த அளவுகோல் சரியானதுதான். ஆனால் இது ஒரு சிஸ்ட் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, எது எதற்குச் சொந்தம் என்பதைச் சொல்லாது. இதை வைத்தே அவள் குடும்பம் பிரித்துவிட்டாள். அதனால் அவளுடைய மூன்றாவது குழுவில் ஸ்பினிஃபெரைட்டிஸ், ஒலிகோஸ்ஃபேரிடியம் என்ற இரண்டு பேரினங்களும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. செல்லின் கவசம் பல தகடுகளால் ஆனது, அந்தத் தகடுகளின் வடிவம் சிஸ்டிலும் பதிந்திருக்கும். முன்னது இடுப்புக்கு மேலே முதுகுப்பக்கம் ஒரே ஒரு தகடு கழன்று திறப்பது. பின்னது தலையோடு மூடி கழன்று திறப்பது. இரண்டையும் சேர்த்து வைக்க நீண்ட முள்ளைத் தவிர வேறு காரணமில்லை.

முள்ளை நம்பியதால்தான் இந்தத் துறையே நூறு வருஷத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தது. 1830களில் ஜெர்மன் ஆய்வாளர் எஹ்ரன்பெர்க் ஃபிளின்ட் கல்லுக்குள் இவற்றைப் பார்த்தபோது, முள் இருப்பதை வைத்து நன்னீர்ப் பாசி வகையோடு சேர்த்தார். பிறகு ஹிஸ்ட்ரிகோஸ்ஃபியர் என்று தனிப் பெயர் வந்தது. அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டார்கள். 1961இல் அமெரிக்க ஆய்வாளர் எவிட் வேறொன்றைக் கவனித்தார். அந்த முள்ளுருண்டைகளில் இருக்கும் ஓட்டை தற்செயலாக உடைந்ததல்ல. டைனோஃப்ளாஜெல்லேட் தகடு ஒன்றின் வடிவத்தில் துல்லியமாக வெட்டப்பட்டிருக்கிறது. சிஸ்டுக்குள் உறங்கிய செல் வெளியேறிய வாசல் அது. அப்படி எந்த அடையாளமும் காட்டாதவற்றுக்கு 1963இல் அக்ரிடார்க் என்று அவரே பெயர் வைத்துத் தனியே தள்ளினார். ஆக, ஆர்க்கியோபைல், அதாவது இந்தத் திறப்புதான் முதல் கேள்வி. முள் கடைசிக் கேள்வி.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது அங்கேதான். சிஸ்ட் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது, நாம் பார்ப்பது மேல் சுவரையா அடிச் சுவரையா என்பதைத் தீர்க்காமல் ஒரு தகட்டுக்கும் பெயர் வைக்கக் கூடாது. சுவர் கண்ணாடி மாதிரி இருப்பதால் மேல் ஃபோகஸில் ஒரு முகமும் கீழ் ஃபோகஸில் மறு முகமும் தெரியும். கீழே தெரிவது இடவலம் மாறிய தோற்றம். டைனோஃப்ளாஜெல்லேட்டுகளில் இங்கே நமக்கு வேண்டிய பெரிய கூட்டங்கள் கோனியாலாக்ஸ், பெரிடினியம் என்ற இரண்டு. கோனியாலாக்ஸ் வகையாக இருந்தால் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. சிங்குலம், அதாவது இடுப்புப் பள்ளம், வயிற்றுப் பக்கத்தில் இரு முனையும் நேருக்கு நேர் சேராது. சிஸ்டின் இடப்பக்க முனை மேலேயும் வலப்பக்க முனை கீழேயும் நிற்கும். வயிறு நம்மை நோக்கி இருந்தால், சிஸ்டின் இடது நமக்கு வலது. எனவே படத்தின் வலப்பக்க முனை உயரமாகத் தெரிய வேண்டும். இடப்பக்கம் உயரமாக இருந்தால் நீ முதுகு வழியாக ஊடுருவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். பெரிடினியம் வகைகளில் சிங்குலம் இவ்வளவு உதவாது. அங்கே அடிக்கொம்புகளைப் பார். இரண்டில் பெரும்பாலும் இடதுகொம்புதான் நீளம்.

அவளுடைய படம் 7இலும் படம் 19இலும் ஒரே இனம்தான் இருக்கிறது, ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். மைக்ரோஸ்கோப் தலைகீழாக்குவதால் இடவலம் மாறாது, அது சும்மா அரை வட்டம் திருப்புவதுதான். கேமரா மென்பொருளில் இருக்கும் ஃபிளிப் பொத்தானைத்தான் சந்தேகப்படுகிறேன். அச்செழுத்து உள்ள தாள் துண்டு ஒன்றை ஸ்லைடு இடத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல். எப்படித் திருப்பிப் பிடித்தாலும் எழுத்து நேராக வரவில்லை என்றால் குற்றவாளி அகப்பட்டான்.

இனி திறப்பு. காரை மாதிரிகளில் அவளுக்கு மூன்று வகைதான் பெரும்பாலும் வரும். நுனித் தகடுகள் மொத்தமாகக் கழன்ற திறப்பில் விளிம்பு வளைந்து வளைந்து பல் பல்லாக இருக்கும். வயிற்றுப் பக்கத்தில் சல்கஸுக்கு, அதாவது நெடுக்குப் பள்ளத்துக்கு, நேராக ஒரு சின்ன வெட்டு தெரியும். அந்த வெட்டு நடுவில் இருக்கிறதா, ஓரமாக விலகி இருக்கிறதா என்று அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். சைக்ளோனெஃபீலியம், அரியோலிஜெரா போன்ற தட்டையான கூட்டத்தில் அது விலகித்தான் இருக்கும். இரண்டாவது வகை, சிங்குலத்துக்கு மேல் உள்ள ஆறு தகடுகளில் மூன்றாவது மட்டும் கழன்றது. முதுகின் நடுவில் ஒற்றை ஜன்னல் மாதிரி, நேரான கீழ் விளிம்போடு இருக்கும். ஸ்பினிஃபெரைட்டிஸ், அகோமோஸ்ஃபேரா, ஒபெர்குலோடினியம் எல்லாம் இங்கே. மூன்றாவது, நுனித் தகடுகளுக்கும் சிங்குலத்துக்கு மேலான வரிசைக்கும் நடுவே உள்ள இடைத்தகடு கழன்றது. அறுகோணமாக இருந்து, கொம்புகளும் இரட்டைச் சுவரும் கூடவே தெரிந்தால் பெரிடினியம் பக்கம் போ.

ஏமாறும் இடங்களைச் சொல்கிறேன். அமுங்கிக் கிழிந்த ஓட்டைக்கு விளிம்பு பிசிறாக இருக்கும், மடிப்போடு சேர்ந்து ஓடும். உண்மையான திறப்பின் விளிம்பு சுத்தமாக, கோணம் கோணமாக, தகட்டு எல்லையைத் தொடர்ந்து போகும். ஓட்டையே இல்லை என்று முடிவு கட்டுமுன் உள்ளே பார்க்க வேண்டும்; கழன்ற மூடி பல சமயம் சிஸ்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். சிலவற்றில் மூடி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே நிற்கும், அது திறக்காத சிஸ்ட் போலத் தோன்றும். தலை நம்மைப் பார்த்தபடி சிஸ்ட் நின்றுவிட்டால் முதுகுத் திறப்பும் நுனித் திறப்பு போலவே தெரியும். அப்போது கவர்ஸ்லிப்பை ஊசியால் மெல்லத் தட்டி சிஸ்டை உருட்டிப் பார்ப்பதே வழி. அதனால்தான் சந்தேகமான மாதிரிகளுக்கு முதலில் நீர்த்த கிளிசரினில் தற்காலிக ஸ்லைடு போடச் சொல்கிறேன். ஜெல்லியில் உறைந்த பிறகு எதுவும் உருளாது.

ஒடோன்டோகைட்டினாவை எண்ணுவதில் அவள் கணக்கு இரட்டித்திருக்கிறது. அதன் நுனிக்கொம்பு மூடியோடு சேர்ந்து கழன்றுவிடும். ஸ்லைடில் ஒரு பக்கம் இரண்டு கொம்புள்ள உடலும், வேறெங்கோ ஒற்றை நீளக் கொம்புள்ள மூடியும் கிடக்கும். இரண்டையும் தனித்தனி சிஸ்டாக எண்ணியிருக்கிறாள். உடல்களை மட்டும் எண்ண வேண்டும். மூடிகளை வேறு பத்தியில் குறித்துக்கொள்ளலாம். இரண்டு எண்ணிக்கையும் ரொம்ப வித்தியாசப்பட்டால், நீரோட்டம் மூடிகளை அரித்துக் கொண்டுபோயிருக்கிறதா, சலிப்பதில் இழந்தோமா என்று யோசிக்க அது உதவும்.

தகடுகளை எண்ணும்போது முட்கள் உண்மையிலேயே பயன்படும், நீளத்தால் அல்ல, நிற்கும் இடத்தால். ஸ்பினிஃபெரைட்டிஸில் மூன்று தகடுகள் சந்திக்கும் மூலையில் நிற்கும் முள் மூன்றாகப் பிரியும். இரண்டு தகடுகளின் எல்லைக் கோட்டில் நிற்பது இரண்டாகப் பிரியும். முட்களை இணைக்கும் எல்லைக் கோடுகள் தெரிந்தால் ஸ்பினிஃபெரைட்டிஸ், தெரியாவிட்டால் அகோமோஸ்ஃபேரா. அந்தக் கோடு மிக மெல்லியது. கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி, 100 மடங்கு ஆயில் லென்ஸில் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது. ஹிஸ்ட்ரிகோஸ்ஃபேரிடியத்திலும் ஒலிகோஸ்ஃபேரிடியத்திலும் முள் தகட்டின் நடுவில், தகட்டுக்கு ஒன்றாக நிற்கும். இரண்டும் நுனித் திறப்புதான். வித்தியாசம் இடுப்பில் இருக்கிறது. சிங்குலத்தில் முட்கள் இருந்தால் முன்னது, அந்த வட்டம் காலியாக இருந்தால் பின்னது. மூடி போனபோது நான்கு முட்கள் அதோடு போய்விட்டன என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, மேல் ஃபோகஸில் ஒரு வட்டம், கீழ் ஃபோகஸில் ஒரு வட்டம் வரைந்து முட்களைப் புள்ளியாகக் குறித்தால் காலி வட்டம் தானாகக் கண்ணில் படும்.

பேலியோஹிஸ்ட்ரிகோஃபோராவை முள்ளுருண்டைகளோடு போட்டிருக்கிறாள். அது மெல்லிய மயிர் போன்ற முள் கொண்டதுதான். ஆனால் உள்ளுடல் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று, நடுவில் இடைவெளி, கொம்பு வைத்த வெளிவரை. பெரிடினியம் குடும்பம். திறப்பு அபூர்வமாகத்தான் தெரியும், அதனால் இங்கே சுவரை வைத்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இடைவெளி எங்கே என்பதைத் துல்லியமாக எழுது: சுற்றிலுமா, மேலும் கீழும் மட்டுமா, கொம்புகளில் மட்டுமா. நடு ஃபோகஸில்தான் இது தெரியும், மேல் ஃபோகஸ் படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

முள்ளின் நீளத்தை ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறேன் என்றால், இன்றைக்கும் உயிரோடிருக்கும் லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் கதை தெரிந்ததுதான். கருங்கடல் மாதிரி உப்புக் குறைந்த நீரில் அதன் முட்கள் குட்டையாகிவிடும். ஒரே இனம், நீருக்குத் தக்கபடி மூன்று குழுவிலும் போய் விழும். இன்னொரு பக்கம், கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா என்ற ஒரே பெயருள்ள உயிரி பல ஸ்பினிஃபெரைட்டிஸ் வடிவங்களைத் தருவதாகப் பதிவுகள் இருக்கின்றன. உயிருள்ள செல்லின் வகைப்பாடும் கல்லின் வகைப்பாடும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வேலைக்கு ஆகும் பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

திறப்பே வேதம் என்றும் நினைத்துவிடாதே. பெரிடினியம் பக்கத்து வெட்ஸெலியெல்லா கூட்டத்தை 2015இல் திறப்பின் வடிவத்தை முதன்மையாக வைத்துப் புதிதாகப் பிரித்தார்கள். விரைவிலேயே எதிர்ப்பு வந்தது. திறப்பின் விகிதங்கள் ஒரே இனத்துக்குள் மாறுகின்றன, அதை வைத்து பேரினம் பிரிப்பது தாங்காது என்றார்கள். என் கட்சி நடுவில். எந்தத் தகடு கழன்றது என்பதற்கு முழு மதிப்பு. கழன்ற தகடு எவ்வளவு அகலம் என்பதற்குப் பாதி மதிப்பு.

ஸ்லைடு தயாரிப்பிலும் சில பிழைகள் படத்தில் தெரிகின்றன. காரை மேடுகளின் மேற்பரப்பு வெயிலில் ஆக்சிஜன் ஏறி வெந்துபோனது. அங்கே ஓடும் ஜிப்சம் நரம்புகளே அதற்குச் சாட்சி. சாம்பல் நிறக் களிமண் வரும் வரை தோண்டு. மஞ்சளும் பழுப்புமாக இருப்பதை எடுத்தால் மெல்லிய சுவர்கள் போயிருக்கும், முரட்டு வகைகள் மட்டும் மிஞ்சும், பிறகு அதையே அந்தக் கடலின் இயல்பு என்று எழுதிவிடுவோம். 15 முதல் 20 கிராம் போதும். ஜிப்சத்தை முடிந்தவரை கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் சுண்ணாம்பு முழுவதும் கரையும் வரை, நுரை நிற்கும் வரை வை. பிறகு நன்றாகக் கழுவி, அதன் பிறகுதான் ஹைட்ரோஃபுளோரிக். கால்சியம் மிச்சமிருந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து சிஸ்டின் மேலே ஒட்டிக்கொள்ளும். படம் 11இல் 'துகள் அலங்காரம்' என்று அவள் எழுதியிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். வெதுவெதுப்பான ஹைட்ரோகுளோரிக்கில் இன்னொரு முறை கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹைட்ரோஃபுளோரிக் வேலை பிளாஸ்டிக் பாத்திரத்தில், ஃப்யூம் ஹூடுக்குள், ஆசிட் பட்டால் தடவ கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குச் சொல்.

நைட்ரிக் ஆசிட் வேண்டாம். பெரிடினியம் வகைகள்தான் அதில் முதலில் கரையும். அல்ட்ராசோனிக் சில விநாடிகளுக்கு மேல் போனால் முள் நுனிகள் ஒடியும். நுனி ஒடிந்த ஒலிகோஸ்ஃபேரிடியத்தைப் பார்த்து யாரும் இனப்பெயர் சொல்ல முடியாது. சல்லடை 10 மைக்ரான் போடு. 20 போட்டால் சின்னவை கீழே போய்விடும்.

உங்கள் பக்கத்தில் எண்ணெய்க் கிணற்றுத் துகள்கள் கிடைக்கப் போவதாக எழுதியிருந்தாய். அங்கே ஒரு எச்சரிக்கை. மேல் அடுக்கின் மண் சரிந்து கீழே விழும். அதனால் ஒரு இனம் கீழே எங்கே முடிகிறது என்பதை நம்பாதே, மேலிருந்து இறங்கும்போது எங்கே முதலில் தலைகாட்டுகிறது என்பதை மட்டும் எல்லையாக எடு. லிட்டோஸ்ஃபேரிடியம் சிஃபோனிஃபோரம் மாதிரி செனோமேனியன் என்ற கிரெட்டேசியஸ் காலக் கட்டத்தோடு முடியும் இனங்கள் இதற்காகவே பிறந்தவை.

இப்போது அவள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு சிஸ்டுக்கும் மேல், நடு, கீழ் என மூன்று ஃபோகஸ் படம், ஸ்லைடில் இடத்தைக் குறிக்கும் இங்கிலாந்து ஃபைண்டர் எண்ணோடு. அட்டவணையில் முதல் பத்தி திசை, இரண்டாவது திறப்பு, மூன்றாவது தகடு, நான்காவது சுவர், முள் ஐந்தாவது. தெரியாத கட்டத்தில் தெரியவில்லை என்று எழுதட்டும், யூகம் வேண்டாம். படம் 23ஐ மட்டும் எனக்குத் தனியாக அனுப்பு. அதன் இடுப்பு வட்டம் காலியா இல்லையா என்று கீழ் ஃபோகஸ் இல்லாமல் சொல்ல முடியவில்லை.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜு