ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம், தாயி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். விசா வந்துவிட்டது. அம்மா கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறாள்.

வேலை நாளாக இருக்கிறது, கார் பேசி அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய். வேண்டாம் தாயி, வீண் செலவு. பஸ்ஸிலேயே வந்துவிடுவோம். ராமேஸ்வரம் வண்டியில் வடநாட்டு யாத்திரிகர்கள் நிறுத்தம் தாண்டிவிடுமோ என்று மண்டபத்திலேயே எழுந்து நிற்பார்கள். அவர்களை உட்காரவைத்து, சரியான இடத்தில் இறக்கிவிட்டவன் நான். எனக்கு வழி தெரியாமல் போகுமா?

எல்லாம் பார்த்து வைத்துவிட்டேன். ஹீத்ரோவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு நேராகவே கோச் இருக்கிறது, பார்க்சைடில் இறக்கிவிடுவார்கள். லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் போனால் ரயிலில் 50 நிமிடம்தான். ஆனால் பெட்டிகளோடு லண்டனுக்குள் மாறி ஏற அம்மாவின் முட்டி இடம் கொடுக்காது. கேம்பிரிட்ஜ் ரயிலடியும் ஊரின் நடுவிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறது. 1845-இல் கட்டியபோது, பிள்ளைகள் லண்டனுக்கு ஓடிவிடக் கூடாதென்று பல்கலைக்கழகத்தார்தான் தள்ளி வைக்கச் சொன்னார்கள் என்கிறார்கள். பார்க்சைடில் இறங்கினால் டிரம்மர் ஸ்ட்ரீட் பஸ் நிலையம் நடக்கிற தூரம். அங்கே டவுன் பஸ் பிடித்தால் உன் புது முகவரி.

அந்த முகவரியை மேப்பில் பார்த்தேன். பழைய வீட்டுக்கும் அதற்கும் ஊரின் இந்தக் கோடி, அந்தக் கோடி. கதவு எண்ணைப் பார்த்தால் ஒற்றை அறை மாதிரி இருக்கிறது. வேலைக்குப் பக்கம் என்று மாறியிருப்பீர்கள். நல்லதுதான்.

அங்கே கண்டக்டர் கிடையாதாம். கைகாட்டி நிறுத்தி, முன்வாசலில் ஏறி, டிரைவரிடமே சீட்டு வாங்க வேண்டும். கார்டைத் தொட்டாலும் போதும். 3 பவுண்டுக்குள் ஒரு பயணம். 2011-இல் திறந்த தனித்தடம் ஒன்று இருக்கிறதே, பழைய ரயில் பாதையில் கான்கிரீட் போட்டு, பக்கவாட்டுச் சிறு சக்கரங்கள் வழிகாட்ட, டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிக்காமலே பஸ் ஓடுகிறதாமே, அதில் ஒரு தடவை போக வேண்டும். செயின்ட் ஐவ்ஸ் வரை போனால் போதும். உனக்கு வேலை இருந்தால் நாங்களே போய் வருகிறோம்.

டிரினிட்டி கல்லூரியையும் பார்க்க வேண்டும். 1914-இல் நம் பாம்பன் பாலம் திறந்த அடுத்த மாதம் கணித மேதை ராமானுஜன் அங்கே போகத்தான் கப்பல் ஏறினார். எவ்வளவு பெரிய மூளை. குளிரும் ஒத்துவராத சாப்பாடும் தனிமையும் சேர்ந்து உடம்பைக் கெடுத்துவிட்டன. 1919-இல் திரும்பி வந்து, மறுவருடமே போய்விட்டார். நீ வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியைக் கடித்துவிட்டு ஓடாதே.

என் மகள் அங்கே இருக்கிறாள் என்று உச்சிப்புளி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் வரும் போன் இப்போது வருவதில்லை. வந்தாலும் முகம் காட்டுவதில்லை. பின்னால் மாப்பிள்ளை குரலும் கேட்பதில்லை. வேலை அதிகம் என்கிறாய், சரி. வேளைக்குச் சாப்பிடு.

மாப்பிள்ளையை லீவு போடச் சொல்லிக் கேட்டு நிற்காதே. வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாங்கள் வருவது உன்னைப் பார்க்கத்தான். இடம் போதாதென்று யோசிக்காதே, தரையில் விரித்துப் படுத்துக்கொள்வோம். நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். திரும்பும்போது எங்களோடு வர வேண்டும் என்று தோன்றினால் அதையும் சொல், டிக்கெட்டுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியாது.

டிரம்மர் ஸ்ட்ரீட்டில் எத்தனாம் நம்பர் பஸ் ஏற வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா