விளா மரத்துக்கும் ஒரு குழி வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் சேலம் சின்னக்கடை வீதியில் விளாம்பழம் வாங்கினேன், ஒன்று நாற்பது ரூபாய். எந்த ஊர்ப் பழம் என்று கேட்டால் விற்கிற அம்மாவுக்கே தெரியவில்லை, "லோடுல வருதுங்க" என்றார். மனசு கேட்கவில்லை. என் சின்ன வயதில் கன்னங்குறிச்சிப் பக்கம் இதைக் காசு கொடுத்து யாரும் வாங்கியதில்லை. சேர்வராயன் மலை அடிவாரத்தில் தானாக முளைத்து நின்ற மரங்கள்தான், கிளையெல்லாம் முள், ஆனாலும் விழுந்து கிடப்பதைப் பை நிறையப் பொறுக்கி வருவோம். அம்மாயி ஒவ்வொன்றையும் ஒரு முழ உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார். காய் என்றால் துள்ளும், பழம் என்றால் தொப்பென்று அப்படியே கிடக்கும். அப்புறம் அம்மியில் தட்டி உடைத்து, நாட்டுச் சர்க்கரை போட்டு ஓட்டுக்குள்ளேயே பிசைந்து கொடுப்பார், சாயங்காலம் வரை விரலில் அந்த வாசம் இருக்கும்.

2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதிலிருந்து மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்று மரக்கன்றுகள் நடுகிறார்கள், ரொம்ப நல்ல காரியம். ஆனால் நான் போன நடுவிழாக்களில் வேம்பு, புங்கன், நாவல் எல்லாம் இருந்தன, விளா மட்டும் இல்லை. ஒரு நாற்றுப் பண்ணையில் கேட்டதற்கு, "அது காய்க்கப் பதினைந்து வருஷம் ஆகுமே, யார் வாங்குவாங்க?" என்றார்கள். விதைக் கன்றுக்கு அது சரிதான், ஒட்டுக்கன்று சீக்கிரமே காய்க்கும். வறட்சியைத் தாங்கி மட்டமான மண்ணிலும் நிற்கிற மரம் இது. எலுமிச்சை, வில்வம் இவற்றின் சொந்தம், இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும், எலுமிச்சை இலையில் முட்டையிடுகிற வண்ணத்துப்பூச்சி இதிலும் வந்து முட்டையிடும்.

மூக்கனேரிக் கரையிலும், அடிவாரத்துப் புறம்போக்கிலும், பள்ளி வளாகங்களிலும் (முள் இருப்பதால் சுவர் ஓரமாக) பத்துக் கன்றுக்கு ஒன்றாவது விளாவாக இருக்கட்டும் என்று வனத்துறையையும் மாநகராட்சியையும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று வாங்கிய பழத்தின் விதைகளைக் கழுவிப் பால் பாக்கெட்டில் போட்டேன். மூன்று வாரத்தில் முளைத்து இப்போது ஒன்பது கன்றுகள் நிற்கின்றன. இடம் தருகிற பள்ளி எதுவானாலும் நானே கொண்டுவந்து நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் ஊற்றுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்