இரவில் செல்போன் எங்கே இருக்கிறது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற மாதம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் தமிழாசிரியை ஒரு வேலை கொடுத்திருந்தார். 'எங்கள் வீட்டுக்கு முதல் செல்போன் வந்த கதை' என்று தாத்தா பாட்டியிடமோ அப்பா அம்மாவிடமோ கேட்டு எழுதி வர வேண்டும். உங்களில் பலர் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது அந்தத் தாள்களைப் பார்த்தாலே தெரிகிறது. பள்ளி விட்ட பிறகு நான்கு மாலைகள் இருந்து எல்லாவற்றையும் படித்தேன். படித்து முடித்தபோது, நம் பள்ளியில் ஒரு வழக்கத்தை உடனே மாற்ற வேண்டும் என்று தோன்றியது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்பு பிள்ளைகள் கொண்டுவந்த கதைகளைச் சொல்லியாக வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குச் செல்போன் என்பது கிணற்றையும் தென்னையையும் போல, அவர்கள் பிறக்கும் முன்பே வீட்டில் இருந்த ஒன்று. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது, பேசியவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு என்று வகுப்பில் சொன்னபோது, "அதற்கு முன்னால் எப்படிப் பேசினார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அந்த நாட்களில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை கட்டணம். நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். எனவே நம் ஊருக்கு அந்தச் செய்தியால் எந்த மாற்றமும் இல்லை. நமக்கு இருந்தது எஸ்.டி.டி. பூத். இரவில் கட்டணம் குறையும் வரை காத்திருந்து, கண்ணாடிக் கதவுக்குள் நின்று, ஓடும் மீட்டரின் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசியவர்கள் நாம். வளைகுடாவில் இருந்த கணவருக்கு வீட்டுச் செய்திகளைக் கேசட்டில் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்பியதாக ஒரு பாட்டி சொல்லியிருக்கிறார். அந்தக் கேசட்டில் பேரனின் அப்பா குழந்தையாக அழும் சத்தமும் இருந்ததாம்.

2002-இல் பி.எஸ்.என்.எல். செல்போன் சேவை வந்தது. அடுத்த ஆண்டில் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. பெரும்பாலான தாள்களில் கதை தொடங்குவது அதற்குப் பிறகுதான். ரப்பர் பால் வெட்டும் ஒரு தாத்தா, பேசுவதற்காக அல்ல, டார்ச் விளக்குக்காகவே நோக்கியா 1100 வாங்கினாராம். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போகிறவருக்கு அது தேவைப்பட்டது. 2003-இல் வந்த அந்தச் சிறிய கருவி உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அவற்றில் ஒன்று நம் ஊர் ரப்பர் மரங்களுக்கிடையே பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க உதவியது என்று அந்தப் பேரன் எழுதியிருக்கிறான். வாக்கியத்துக்கு அடியில் கோடு போட்டு வைத்தேன்.

மிஸ்டு கால் பற்றி எழுதாத பிள்ளை இல்லை. ஒரு மணி அடித்து நின்றால் அப்பா மார்த்தாண்டத்தில் பஸ் ஏறிவிட்டார். இரண்டு அடித்தால் அரிசியை அடுப்பில் போடு. மூன்று அடித்தால் மட்டும் எடுத்துப் பேசு. காசு செலவாகாத இந்த மொழியை எந்தக் கம்பெனியும் நமக்குக் கற்றுத் தரவில்லை, நாமே உண்டாக்கினோம். கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. வீட்டுக்குள் இருக்கும்போதே செல்போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். பேசினால் ரோமிங் கட்டணம் போகும். அதனால் பேசுவதற்கென்று வீட்டின் கிழக்குப் பக்கம் போய் நிற்பார்களாம்.

கடற்கரைப் பிள்ளைகளின் தாள்கள் தனி. செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை நூலால் இறுகக் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டு வள்ளத்தில் போன அப்பாக்களும் தாத்தாக்களும் அவற்றில் வருகிறார்கள். கரை நெருங்கும்போது சிக்னல் கிடைத்ததும் தேங்காய்ப்பட்டணத்தில் என்ன விலை, குளச்சலில் என்ன விலை, முட்டத்தில் என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் வள்ளத்தைத் திருப்புவார்கள். இது பெரிய மாற்றம். பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் வட கேரளக் கடற்கரையில் இதையே ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1997 ஜனவரியில் ஒரு காலையில் வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் சாளை மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் 27 பேர் வாங்க மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பவிருந்தார்கள். செல்போன் வந்த பிறகு மீன் வீணாவது நின்றது. மீனவருக்கு லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. இருதரப்பும் பயன்பெற்ற இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். கடற்கரைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் கடலில் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் போய்விடும். ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிற நம் ஆட்களுக்கு அந்தச் செல்போன் வெறும் கடிகாரம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள், அதை நமக்குக் காட்டியது. கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன; நாட்கணக்கில் மின்சாரம் இல்லை; ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே பெண்கள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இதைப் பற்றி ஒரு மாணவன் ஒன்பது வரிதான் எழுதியிருக்கிறான். அவனுடைய அம்மா பதினொரு நாள் அப்பாவின் எண்ணை அழைத்தார். ஒவ்வொரு முறையும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே குரல் வந்தது. பன்னிரண்டாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. லட்சத்தீவில் கரை ஒதுங்கிய அப்பா, அங்குள்ள ஒருவரின் செல்போனை வாங்கிப் பேசினார். "அதிலிருந்து எங்கள் அம்மா தெரியாத எண் எது வந்தாலும் எடுப்பார்" என்று முடித்திருக்கிறான். அந்த அழைப்பு வராமலே போன வீடுகளின் பிள்ளைகளும் நம் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கட்டுரையைக் கட்டாயம் எழுதச் சொல்ல வேண்டாம் என்று தமிழாசிரியை முன்பே முடிவு செய்திருந்தார். அவர் செய்தது சரி.

இப்போது ஏமாற்றுக்காரர்கள் பேசுவதும் தெரியாத எண்ணிலிருந்துதான். 'தெரியாத எண்ணை எடுக்காதீர்கள்' என்று நான் அந்த அம்மாவிடம் சொல்ல மாட்டேன். எடுங்கள். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் ஓ.டி.பி. எண் கேட்டாலோ, போலீஸ் என்று மிரட்டி வீடியோ அழைப்பிலேயே 'கைது' செய்திருப்பதாகச் சொன்னாலோ, உடனே வைத்துவிடுங்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அந்த மணிநேரத்திலேயே சொல்லுங்கள். விரைவில் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்புண்டு.

இனி நான் சொல்ல வந்த செய்தி. இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் செல்போன் வீட்டின் சொத்தாக இருந்தது. டி.வி. மேல், சாமி படத்துக்குக் கீழே, சிக்னல் விழும் ஜன்னல் கம்பியில் ஒரு பையில். அது மணி அடித்தால் வீடே கேட்டது. யார் பேசினாலும் எல்லோருக்கும் தெரிந்தது. தூரத்தில் இருக்கும் ஒருவருக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். கட்டுரையின் கடைசியில் தமிழாசிரியை ஒரு கேள்வி சேர்த்திருந்தார்: 'இப்போது உங்கள் வீட்டில் இரவில் செல்போன் எங்கே இருக்கிறது?' பிள்ளைகள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். தலையணைக்கு அடியில். போர்வைக்குள். என் கையில். ஒரு சிறுமி, 'அம்மாவுடையது அம்மாவின் கையில், அண்ணனுடையது அண்ணனின் கையில், பாட்டி மட்டும் சும்மா இருக்கிறார்' என்று எழுதியிருக்கிறாள்.

அது கைக்குள் போனதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. 2016-க்குப் பிறகு டேட்டா விலை குறைந்து நல்ல செல்போன்கள் வீடுகளுக்கு வந்தன என்பது உண்மைதான். ஆனால் 2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது, 'செல்போன் வாங்கிக் கொடுங்கள், வகுப்பு அதில்தான்' என்று உங்களிடம் சொன்னவர்கள் நாங்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரே செல்போனை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பயன்படுத்திய வீடுகளும், மலையோரத்தில் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. பள்ளிகள் திறந்த பிறகும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை, எங்களுக்கு அது எளிதாக இருந்தது. அதனால் இரவு பதினொரு மணிக்குச் செல்போனோடு இருக்கும் பிள்ளையிடம் "என்ன செய்கிறாய்?" என்று கேட்டால், "வீட்டுப்பாடம்" என்கிறான். பாதி உண்மை. அந்தப் பாதியை அவன் கையில் கொடுத்தது பள்ளி. காலையில் முதல் பாடவேளையில் கண் செருகுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதை ஆசிரியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

எனவே அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எந்த வகுப்புக்கும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வராது. பிள்ளைகள் தங்கள் கையால் டைரியில் எழுதி வருவார்கள். நீங்கள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். காணொளி பார்க்க வேண்டிய பாடம் இருந்தால் பள்ளியிலேயே காட்டுவோம். வாட்ஸ்அப் குழு விடுமுறை, தேர்வு அட்டவணை போன்ற அறிவிப்புகளுக்கு மட்டும் இருக்கும். மழைக்காலத்தில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டார் என்று பொய்ச் செய்திகள் சுற்றுகின்றன. குழுவில் நான் பதிவிட்டால் மட்டும் நம்புங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இரவில் செல்போன் முன்னறைக்குத் திரும்பட்டும். எத்தனை செல்போன் இருந்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்துத்தான். பெரியவர்கள் வைக்காவிட்டால் பிள்ளை வைக்காது. நம் குமரி மாவட்டத்தில் 'இரவு ஒன்பது மணிக்கு மேல் செல்போன் கூடாது' என்று ஒரேயடியாகச் சட்டம் போட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சவூதியிலோ குவைத்திலோ இருக்கும் அப்பா வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு அழைத்தால் இங்கே பத்தரை. அந்தப் பேச்சு பிள்ளைக்கு வேண்டும். அதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன். முன்னறையில் உட்கார்ந்து, பாட்டியும் கேட்க, வீடியோ அழைப்பில் பேசட்டும். பேசி முடித்ததும் செல்போன் அங்கேயே இருக்கட்டும், பிள்ளை உறங்கப் போகட்டும். அழைக்கும் அப்பாக்களும் தயவுசெய்து பிள்ளையிடம் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று மட்டும் கேட்காமல், அன்று பள்ளியில் யாரோடு விளையாடினாய் என்றும் கேளுங்கள்.

செல்போனைப் பிடுங்கி உடைத்த ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். அவர் கோபம் புரிந்தது. ஆனாலும் அது உதவவில்லை; மகன் கூட்டாளியின் செல்போனைத் தேடிப் போனான். பிள்ளைகள் நல்ல வேலைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தினமும் கோட்டயம் சந்தையின் ரப்பர் ஷீட் விலையைத் தாத்தாவுக்குப் படித்துச் சொல்கிறாள். விலை ஏறினால்தான் தாத்தா ஷீட்டை வெளியே எடுப்பாராம். தோவாளை பூச்சந்தையில் ஓணம் வாரத்தில் பூ விலை மணிக்கு மணி மாறுவதை அம்மாவின் பிறந்த வீட்டுக்குச் செல்போனில் பேசிக் கேட்டு எழுதி வந்திருக்கிறான் இன்னொருவன். இதெல்லாம் எல்லோர் முன்னிலும் நடக்கிற பயன்பாடு. எனக்குப் பயம் தனியாக, இருட்டில் நடப்பதில்தான்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மகளின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் முதலில் அவளைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்று பயந்துதான் பிள்ளைகள் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள், மிரட்டுகிறவனுக்கு அந்த மௌனம்தான் பலம். என்னிடமோ வகுப்பாசிரியையிடமோ வாருங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். செய்தி வெளியே போகாது. இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்க அந்த நிறுவனமே 13 வயது வேண்டும் என்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயதை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்காதீர்கள்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் கட்டுரைகளை அன்று வாசிப்பார்கள். தாத்தா பாட்டியையும் அழைத்து வாருங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய பட்டன் செல்போன், எஸ்.டி.டி. பூத் ரசீது, வளைகுடாவிலிருந்து வந்த கடிதம் எதுவானாலும் கொண்டுவாருங்கள். பார்வைக்கு வைத்துவிட்டு மாலையில் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம். பழைய குரல் கேசட் யார் வீட்டிலாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். நம் அறிவியல் கூடத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் இன்னும் ஓடுகிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்