நேற்று இருந்த பட்டன் இன்று எங்கே, மருமகனே?

அன்புள்ள மருமகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாய். கேலிச் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். "கைப்பேசிக்குப் போய் நோட்டு போட்டு வைத்திருக்கிறீர்களே அத்தை" என்றாய், செல்லமாகத்தான். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் படுத்த பிறகுதானே வந்து சேரும்? அவற்றை எழுதிவிடுகிறேன். செயலிகளை வடிவமைப்பது உன் தொழில் என்பதால் நாலு பேர் பார்க்கும்படியே எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும்.

நீ பார்த்துச் சிரித்த பக்கத்தின் தலைப்பு 'வீடியோ அழைப்பு'. அதன் கீழே நீல மையில் மூன்று வரிகள்: பெயரைத் தொடு, மேலே வலது ஓரம் பார், கேமரா படத்தைத் தொடு. சில மாதம் கழித்து 'மேலே வலது ஓரம்' அடிக்கப்பட்டு, கறுப்பு மையில் 'கீழே நடுவில்' என்று இருக்கும். அதுவும் அடிக்கப்பட்டு, பென்சிலில் 'மூன்று புள்ளிக்குள்' என்று இருக்கும். இப்போதெல்லாம் பென்சிலில் மட்டும்தான் எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் நீ கண்டது என் மறதி. எனக்கோ அதில் மறதியே தெரியவில்லை. நான் எழுதிய மூன்றும் எழுதிய அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தன. இடம் மாறியது பட்டன்.

நான் இயந்திரத்துக்குப் பயந்தவள் இல்லை. பத்தொன்பது வயதில் தட்டச்சு கற்றேன். விசைகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காக ஆசிரியை என் கைகளின் மேல் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 'ஏ, எஸ், டி, எஃப்' என்று இடது கை விரல்கள் நோக நோக அடித்தது இன்னும் நினைவிருக்கிறது. வரி முடியப் போகிறது என்றால் மணி அடிக்கும். தாள் சுற்றியிருக்கும் உருளை வண்டியை இடது கையால் தள்ளினால் அடுத்த வரி. எதைச் செய்தால் என்ன ஆகும் என்பது கண்ணுக்கு எதிரே நடந்தது. பிறகு மின்சாரத் தட்டச்சு வந்தது, அதன் பிறகு கணினி வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்றேன், ஆனால் விரல்கள் பழைய இடத்துக்கே போயின. 1870களில் ஷோல்ஸ் என்பவர் அமைத்த எழுத்து வரிசைதான் இன்று உன் மடிக்கணினியிலும் இருக்கிறது. க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய். அதைவிட நல்லது என்று சொல்லிப் பலர் வேறு வரிசைகளை முன்வைத்தார்கள், எதுவும் எடுபடவில்லை. கோடிக்கணக்கான விரல்கள் கற்றுவிட்டதைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. அந்தத் தயவு என் கட்டை விரலுக்குக் கிடையாதா?

1990இல் விண்டோஸ் 3.0 வந்தபோது அதில் சாலிட்டேர் என்ற சீட்டாட்டம் இருந்தது. நீ அதை வேலை நேரத்தைத் தின்னும் விளையாட்டு என்று நினைத்திருப்பாய். எங்கள் மேலதிகாரியும் அப்படித்தான் நினைத்தார். நான் மவுஸ் பழகியது அதில்தான். சீட்டைப் பிடி, இழு, விடு. தவறாகப் போட்டால் சீட்டு ஓடிப்போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் பெருமூச்சு விடுவதில்லை. அந்த மாதிரி ஓர் ஆசிரியர் எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை. (கோபித்துக்கொள்ளாதே.)

இன்னொன்றும் கேள். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். அலுவலகம் அலுவலகமாகக் கூச்சல். கூச்சல் போட்டவர்கள் முப்பது வயதுக்காரர்கள், கணினியிலேயே குடியிருந்தவர்கள். அடுத்த ஆண்டே 8.1இல் பட்டன் திரும்பி வந்தது. அந்தப் பட்டனைத் தொட்டால் விரியும் பழைய பட்டியல் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது திரும்பியது. அன்றைக்கு அவர்களைப் பார்த்து "வயதாகிவிட்டது, பிடிபடவில்லை" என்று எவரும் பரிதாபப்படவில்லை. வடிவமைப்பு தவறு என்றார்கள். அதே எரிச்சல் எனக்கு வந்தால் மட்டும் அது என் மூளையின் கோளாறு ஆகிவிடுகிறது.

மூளையைப் பற்றியும் பேசிவிடுவோம், ஒளிக்க ஒன்றுமில்லை. ரேமண்ட் கேட்டெல் என்ற உளவியலாளர் அறிவை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். முன்பின் பார்த்திராத ஒன்றைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் திறன் ஒன்று. சேர்த்து வைத்த சொல்லும் அனுபவமும் பழக்கமும் இன்னொன்று. முதலாவது வயதோடு இறங்குகிறது. இரண்டாவது நெடுங்காலம் நின்று உழைக்கிறது. எனக்கு இறங்கியிருப்பது உண்மை. ஒரு தடவை போதுமாக இருந்தது இப்போது ஐந்து தடவை கேட்கிறது. சரி, ஐந்து தடவை செய்கிறேன், எனக்கு நேரம் இருக்கிறது. ஆனால் ஐந்தாவது தடவை கை தானாகப் போகத் தொடங்கும் சமயத்தில் நீங்கள் 'புதுப்பிப்பு' என்று ஒன்றை அனுப்புகிறீர்கள். என்னிடம் உறுதியாக மிஞ்சியிருப்பது பழக்கம். அதைப் பறித்துக்கொண்டு, என்னிடம் குறைந்துபோன வேகத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பரீட்சை வைக்கிறீர்கள். எனக்கு வருவது கற்க முடியாத எரிச்சல் இல்லை. கற்றது நிலைக்காத எரிச்சல்.

விரலைப் பற்றி உனக்குத் தெரியுமா? நீ தொட்டால் திறக்கிறது, நான் தொட்டால் திறப்பதில்லை. "மெதுவாகத் தொடுங்கள் அத்தை" என்றாய். தொடுதிரை அழுத்தத்தை அறிவதில்லை, விரல் படும்போது உண்டாகும் மின்மாற்றத்தை அறிகிறது. வயதான தோல் வறண்டு போவதால் அந்த அறிகுறி சில நேரம் பலவீனமாகப் போய்ச் சேருகிறது. இதெல்லாம் தெரியாத நான் தட்டச்சுக்காரியின் பழக்கத்தில் அழுத்தினேன். அழுத்திப் பிடித்தால் அது வேறு கட்டளையாம்! அரை நொடி கூடிப் போனால் படங்கள் எல்லாம் நடுங்கத் தொடங்குகின்றன, ஏதோ ஒன்று 'நீக்கவா?' என்று கேட்கிறது. நான் பதறி இரண்டு முறை தொட, வேறு எங்கேயோ போய் நிற்கிறேன். உன் கண்ணுக்கு நான் கண்டபடி குத்துகிறவள்.

அந்த அரை நொடியை நீட்டிக்கொள்ள அமைப்புகளுக்குள் வழி இருக்கிறது என்பதை நானே கண்டுபிடித்தேன், மருமகனே. கண்ணும் காதும் விரலும் ஒத்துழைக்காதவர்களுக்கான வசதிகளை வைத்திருக்கும் இடம் அது. அணுகல்தன்மை என்ற பெயரில், பட்டியலின் அடியில் கிடந்தது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவு. அதிகம் என்று வைத்தேன். நடுக்கம் பாதி நின்றுவிட்டது, என்னுடையதும்தான். இத்தனை நாள் நீயும் நானும் சண்டை போட்டது ஓர் அரை நொடிக்காக. இந்தக் கேள்வியைக் கைப்பேசியை முதன்முதலில் திறக்கும் அன்றைக்கே கேட்டால் என்ன? மொழி எது என்று கேட்கிறீர்கள், நேரம் எது என்று கேட்கிறீர்கள். விரல் எப்படி என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

கண்ணைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், உனக்கும் அதிக நாள் இல்லை. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து உங்களுக்கு அழகு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று வலைத்தளங்களுக்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டுதல் 2008இலேயே சொல்லிவிட்டது. உன் தொழில்காரர்கள் அதைப் படிக்காமல் இருக்க மாட்டார்கள்.

படங்களைப் பற்றி ஒரு சின்ன மகிழ்ச்சி எனக்கு உண்டு. சேமிப்பதற்கு ஒரு சதுரப் படம் போடுகிறீர்களே, அது ஃப்ளாப்பி, அந்தக் காலத்தில் கணினிக் கோப்புகளைச் சேமித்து வைத்த தட்டு. அதைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, மேலே சீட்டு ஒட்டி, பேனாவால் தேதி எழுதியவள் நான். உனக்கு அது என்னவென்றே தெரியாத ஒரு வடிவம். தொட்டால் சேமிக்கும் என்று யாரோ சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாய். 'மூன்று கோடு' என்றால் பட்டியல் என்பதும் அப்படித்தான். 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்தது அது. பார்த்தவுடன் புரியும் படம் என்று நீ சொல்வது, உனக்குச் சின்ன வயதிலேயே யாரோ சொல்லித் தந்துவிட்ட படம்.

இனி மனத்தில் உறுத்துவதைச் சொல்கிறேன். "சும்மா தொட்டுப் பாருங்கள் அத்தை, ஒன்றும் கெட்டுப் போகாது" என்பது நீ தரும் முதல் பாடம். "கண்ட இடத்தில் தொடாதீர்கள், பணம் போய்விடும்" என்பது இரண்டாவது பாடம். இரண்டும் ஒரே நாளில், ஒரே கருவியைப் பற்றி. சாலிட்டேரில் நான் துணிந்து தவறு செய்தேன், இழப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தச் சின்னப் பலகைக்குள் என் சேமிப்பு இருக்கிறது, உன் மாமாவின் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன, மருத்துவரின் சீட்டு இருக்கிறது. 'உடனே தொடவும், இல்லையேல் கணக்கு முடக்கப்படும்' என்று வந்த செய்தி மோசடி என்று நீ சொன்னாய். மறுநாள் உண்மையான செய்தியும் அதே மொழியில்தான் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற வரை என் விரல் தயங்கத்தான் செய்யும். அதைப் பயம் என்று சொல்லாதே. எனக்கு அது நிதானம்.

ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன் அல்லவா, அன்றைக்கு? எந்த அலுவலகத்துக்கு என்பது இங்கே வேண்டாம். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒற்றை விரலால் தட்டி முடித்தேன். ஆறு இலக்க எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எண்ணைப் பார்க்க வெளியே போய், தாளில் எழுதிக்கொண்டு திரும்பி வந்தால் படிவம் வெறுமையாக இருந்தது. மறுபடி நிரப்பினேன். 'நேரம் கடந்துவிட்டது' என்றது. மூன்றாம் முறை முகவரிக்கு வந்தபோது நீ உள்ளே வந்தாய். "கொடுங்கள்" என்று சொன்னாயா, சொல்லவில்லையா என்று நினைவில்லை. கைப்பேசி உன் கையில் இருந்தது. உன் கட்டை விரல்கள் இரண்டும் ஓடின. "முடிந்தது அத்தை" என்று திருப்பித் தந்தாய்.

நன்றி சொன்னேன். எனக்கு அழுகை வந்தது உனக்குத் தெரியாது. வேலை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் அதே விண்ணப்பம் வரும்போது நான் மறுபடி முகவரியில்தான் நின்றுகொண்டிருப்பேன், அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

உனக்கு ஐந்து வயதில் செருப்புவார் மாட்டக் கற்றுக் கொடுத்தது நான்தான். அரை மணி நேரம் ஆனது. பஸ்ஸைத் தவறவிட்டோம், அடுத்த பஸ்ஸில் போனோம். உன் காலைப் பிடித்து நானே மாட்டிவிட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு வரும்போது இடது பக்கம் உட்கார். கைகள் உன் மடியிலேயே இருக்கட்டும். 'இதை, அதை' என்று சொல்லாமல் திரையில் எழுதியிருக்கும் சொல்லைப் படித்துச் சொல், நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். நான் தவறான இடத்துக்குப் போனாலும் மூச்சுவிடாமல் இரு. திரும்பி வருகிற வழியையும் நான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

அப்புறம், நீங்கள் செய்கிற செயலியில் அடுத்து எந்தப் பட்டனை நகர்த்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. நோட்டில் பன்னிரண்டு பக்கம்தான் பாக்கி இருக்கிறது.

உன் அத்தை