ஆறாவது ஆட்டம்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பையன் சதுரங்க வகுப்பில் சேர்ந்திருக்கிறான், ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிராவில் முடிகிற சதுரங்க ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பதே வீண் என்று எழுதியிருக்கிறாய். அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. 2018 நவம்பரில் லண்டனில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனும் அவரை எதிர்த்த கருவானாவும் மோதிய உலகப் பட்டப் போட்டியை எடுத்துக்கொள். ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் புள்ளி ஒருவருக்கு 2835, இன்னொருவருக்கு 2832; கிட்டத்தட்ட சமம். பன்னிரண்டு ஆட்டமும் டிரா. பட்டப் போட்டி வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. முதல் ஆட்டமே 115 நகர்த்தல், ஏழு மணி நேரம்!

எனக்குப் பிடித்தது ஆறாவது ஆட்டம். கார்ல்சன் வெள்ளை. கருவானா பெட்ரோவ் தற்காப்பு என்ற தொடக்க முறையை ஆடினார். எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் போய்விட்டன, வெட்டியவை இரண்டும் குதிரைகள். இனி இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் கருவானா கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். கடைசியில் அவரிடம் ஒரு குதிரை கூடுதல், கார்ல்சனிடம் அதற்கு ஈடாகச் சில சிப்பாய்கள். கார்ல்சன் அரண் போல அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

68ஆவது நகர்த்தலில் கருவானாவுக்கு வெற்றி இருந்தது. பிஷப்பை எச்4 கட்டத்தில் வைத்து, பிறகு குதிரையை எதிராளியின் கடைசி வரிசைக்கு, ஜி1க்குக் கொண்டுபோய், வெளியே வரவே முடியாதபடி தானே அடைக்க வேண்டும்! ஆட்டங்களை அலசும் நார்வேயின் செஸ்ஸி என்ற கணினி காட்டிய வழி அது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் எந்த மனிதனுக்கு இது தோன்றும்? 80ஆவது நகர்த்தலில் டிரா. இருவருமே நன்றாக ஆடியதால் வந்த டிரா அது. அதை வீண் என்று எப்படிச் சொல்வது?

எல்லா டிராவையும் நான் தாங்கிப் பேசவில்லை. பன்னிரண்டாவது ஆட்டத்தில் நிலையும் நேரமும் கார்ல்சன் பக்கம் இருந்தபோதே, 31 நகர்த்தலில் அவர் டிரா கேட்டுவிட்டார். முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவே அதிர்ந்துபோனார். அப்புறம் ரேபிட் எனும் குறைந்த நேர ஆட்டங்களில் கார்ல்சன் 3-0 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார், அது வேறு. ஆனாலும் ஆடித் தீர்க்க வேண்டிய ஆட்டத்தை ஆடாமல் விட்டது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? ஆறாவது ஆட்டத்தை 60ஆவது நகர்த்தலிலிருந்து அடுக்கிவைக்கிறேன். கறுப்பை நீ எடுத்துக்கொள். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன்
பழைய நண்பன்